சென்னைச் சுற்றுவட்டார சாட்டிலைட் படங்களை ஒட்டினால் நிறம் ஏன் மாறுகிறது, எப்படிச் சரிசெய்வது?

கேள்வியின் சுருக்கம் இது. பொன்னேரியிலிருந்து மாமல்லபுரம் வரை, மேற்கே ஸ்ரீபெரும்புதூரையும் சேர்த்து ஒரு பின்னணி வரைபடம் வேண்டும். ஜனவரி, மார்ச், ஜூன் என மூன்று மாதங்களில் எடுத்த சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களை க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் அடுக்கினால் ஒன்று நீலம் பூத்தும் ஒன்று மஞ்சளடித்தும் ஒன்று இருண்டும் தெரிகிறது. ஹிஸ்டோகிராம் மேட்சிங் (ஒரு படத்தின் வெளிச்சப் பரவலை இன்னொன்றைப் போல மாற்றுவது) செய்ததும் செம்பரம்பாக்கம் ஏரி செம்மண் நிறத்துக்குப் போய்விட்டது. கூடவே, பள்ளிக்கரணை ஓரத்தில் ட்ரோன் படங்களை ஒட்டிச் செய்த ஆர்த்தோமொசைக்கில் வரிசை வரிசையாக வெளிச்சத் திட்டுகள். எந்த டூலைப் போட்டால் சரியாகும்?

டூலைத் தேடுவதற்கு முன்னால் நிறம் எங்கே பிரிகிறது என்று பார்க்க வேண்டும். நான்கு இடங்கள்: திரையில் காட்டும் விதம், எண்களின் அளவுகோல், காற்றும் வெயிலும், தரையே மாறியிருப்பது. முதல் மூன்றையும் சரிசெய்யலாம். நான்காவதையும் சேர்த்துச் சரிசெய்யப் போனதால்தான் ஏரி செம்மண்ணாகியிருக்கிறது.

முதலில் திரை. 16 பிட் படத்தைத் திறந்ததும் க்யூஜிஐஎஸ் தானாக ஒரு ஸ்ட்ரெட்ச் போடும். லேயர் ப்ராபர்ட்டீஸில் சிம்பாலஜிக்குப் போய் மின்/மேக்ஸ் பகுதியை விரித்தால், க்யூமுலேட்டிவ் கவுண்ட் கட், 2 முதல் 98 சதவீதம் என்று இருக்கும். அந்தப் படத்திலேயே மிக இருண்ட 2 சதவீதத்தைக் கருப்பாகவும், மிக வெளிச்சமான 2 சதவீதத்தை உச்சமாகவும் வைத்துக்கொண்டு நடுவில் இருப்பதை விரிக்கிறது. பாதி வங்கக் கடலாக இருக்கும் டைலுக்கு (படத்தை வெட்டித் தரும் சதுரத் துண்டு) ஓர் எல்லை வரும். முழுக்கத் தரையாக இருக்கும் டைலுக்கு வேறு எல்லை வரும். சென்னை நகரம் 44பிஎம்வி என்ற டைலில் இருக்கிறது; ஸ்ரீபெரும்புதூர் அதற்கு மேற்கே உள்ள 44பிஎல்வி டைலில். எம்வி டைலின் மேற்கு விளிம்பு செம்பரம்பாக்கம் ஏரிக்குப் பக்கத்திலேயே விழுகிறது. ஒரே நாளில் ஒரே சுற்றில் எடுத்த இந்த இரண்டு டைல்களையும் அப்படியே திறந்தால்கூட ஏரியை ஒட்டி ஒரு கோடு தெரியும். அது கண்கட்டு, தரவில் அப்படிக் கோடு கிடையாது.

எல்லா லேயருக்கும் ஒரே மின், ஒரே மேக்ஸ் எண்களைக் கையால் கொடுங்கள். ஒரு லேயரில் கொடுத்துவிட்டு, வலது க்ளிக்கில் காப்பி ஸ்டைல், மற்றதில் பேஸ்ட் ஸ்டைல் செய்தால் போதும். ஸ்டாட்டிஸ்டிக்ஸ் எக்ஸ்டென்ட் என்ற இடத்தில் அப்டேட்டட் கேன்வாஸ் இருந்தால் படத்தை நகர்த்தும்போதெல்லாம் நிறம் மாறிக்கொண்டே இருக்கும். ஹோல் ராஸ்டருக்கு மாற்றுங்கள். இந்த ஒரு காரியத்திலேயே பாதிப் பிரச்சினை காணாமல் போவதுண்டு. அதைச் செய்த பிறகும் தெரியும் வேறுபாடுதான் உண்மையான வேறுபாடு.

டிசிஐ என்ற பெயரில் வரும் தயார்நிலைக் கலர் கோப்பை மட்டும் இந்த வேலைக்கு எடுக்காதீர்கள். அது 8 பிட். எல்2ஏ (காற்றின் விளைவை நீக்கிய வகை) டிசிஐயில் 0.2 பிரதிபலிப்பை, அதாவது விழும் ஒளியில் தரை திருப்பி அனுப்பும் பங்கை, தாண்டியதெல்லாம் 255 ஆக வெட்டப்பட்டிருக்கும். அம்பத்தூர் ஷெட்டுகளின் கூரைகள், மெரினாவின் உலர்ந்த மணல் போன்ற வெளிச்சமான இடங்களில் இழந்த விவரத்தை எந்தச் சமன்பாட்டாலும் திரும்பக் கொண்டுவர முடியாது. பி4, பி3, பி2 (சிவப்பு, பச்சை, நீலம்) என்ற 10 மீட்டர் பேண்டுகளைத் தனித்தனியாக எடுத்து நீங்களே அடுக்குங்கள்.

இரண்டாவது, எண்களின் அளவுகோல். அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் இது. சென்டினல்-2 தரவில் பிரதிபலிப்பை 10000 ஆல் பெருக்கி முழு எண்ணாக வைத்திருப்பார்கள். 2022 ஜனவரி 25 முதல், அதாவது ப்ராசஸிங் பேஸ்லைன் (தரவைத் தயாரிக்கும் முறையின் பதிப்பு எண்) 04.00 முதல், அதோடு 1000 கூட்டியும் வைக்கிறார்கள். நிழல், ஆழ்ந்த நீர் போன்ற இடங்களில் கணக்கு மைனஸுக்குப் போனாலும் அந்த மதிப்பு காப்பாற்றப்பட வேண்டும் என்பதற்காக. பழைய பேஸ்லைன் படமும் புதிய பேஸ்லைன் படமும் பக்கத்தில் வந்தால் புதியது மொத்தமாக வெளுத்து, பால் ஊற்றியது போலத் தெரியும். எடுத்த தேதியை வைத்து முடிவு செய்யாதீர்கள். பழைய தேதிப் படங்களைப் பிற்பாடு புதிய பேஸ்லைனில் மறுபடி தயாரித்தும் தருகிறார்கள். கோப்பின் பெயரில் 'என்' எழுத்துக்குப் பின் வரும் நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 0400 அல்லது அதற்கு மேல் என்றால் 1000 கழிக்க வேண்டும். 0301 போன்றவற்றுக்கு வேண்டாம். கூகுள் எர்த் எஞ்சினில் ஹார்மனைஸ்டு என்ற பெயருள்ள தொகுப்பிலிருந்து இறக்கியிருந்தால் அங்கேயே கழித்துவிட்டார்கள். மறுபடி கழித்தால் படம் இருண்டுவிடும்.

இடையில் லேண்ட்சாட் 8 அல்லது 9 படம் ஒன்றைச் செருகுவதாக இருந்தால் அதன் கணக்கே வேறு. கலெக்‌ஷன் 2, லெவல் 2 கோப்பில் உள்ள எண்ணை 0.0000275 ஆல் பெருக்கி 0.2 கழித்தால்தான் பிரதிபலிப்பு வரும். சென்டினலின் பத்தாயிரம் அளவுக்குக் கொண்டுவர 0.275 ஆல் பெருக்கி 2000 கழித்தால் நேராக வந்துவிடும். எல்1சி படத்தையும் எல்2ஏ படத்தையும் கலக்கவே கலக்காதீர்கள். முன்னது காற்றோடு சேர்ந்த நிறம், பின்னது காற்றை நீக்கிய நிறம்.

இவையெல்லாம் ஒரே அளவுக்கு வந்தபின், 16 பிட் முழு எண்ணாக ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். என்டிவிஐ (பசுமைக் குறியீடு), நீர்ப்பரப்புக் கணக்கு போன்ற எதையும் இந்தப் பிரதியிலிருந்துதான் எடுக்க வேண்டும். இதற்குப் பிறகு செய்யும் ஒவ்வொரு வேலையும் கண்ணுக்காக. அதிலிருந்து அளவெடுத்தால் பொய்தான் கிடைக்கும்.

மூன்றாவது, காற்றும் வெயிலும். சென்டினல்-2 நம் தலைக்கு மேல் வருவது காலை பத்தரை மணியை ஒட்டி. ஜனவரி நடுவில் அந்த நேரத்தில் சென்னையில் சூரியன் அடிவானத்திலிருந்து ஏறக்குறைய 48 பாகையில் இருக்கும். ஏப்ரல் நடுவில் 68 பாகைக்கு ஏறிவிடும். 30 மீட்டர் உயரக் கட்டடத்தின் நிழல் ஜனவரியில் 27 மீட்டர், ஏப்ரலில் 12 மீட்டர். 10 மீட்டர் பிக்சலில் இதன் பொருள், பழைய மாமல்லபுரம் சாலை அடுக்குமாடிகளுக்கு நடுவே ஜனவரியில் மூன்று பிக்சல் வரை நிழல், ஏப்ரலில் ஒன்றுக்குச் சற்று மேல். மொத்தப் பகுதியையும் பிரகாசமாக்கினால் நிழல் போய்விடாது; கூரைகள்தான் வெந்துபோகும்.

ஆகவே தேதித் தேர்வில் கிடைக்கும் ஆதாயம் எந்த அல்காரிதத்திலும் கிடைக்காது. பிப்ரவரி முதல் ஏப்ரல் முதல் பாதி வரை வானம் தெளிவாக இருக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை மேகம். ஜனவரி நல்ல மாதம்தான், ஆனால் காலை மூடுபனி உண்டு. போகியை ஒட்டிய நாட்களில் நகரத்தின் மேல் புகைப் போர்வையும் சேர்ந்துகொள்ளும். அந்த ஒரு படத்தைச் சமன் செய்ய முயல்வதைவிடத் தூக்கிப்போடுவது மேல். ஜூன் படம் கேட்டவரிடம் இருக்கிறது. முடிந்தால் அதைக் கைவிட்டு அந்த இடத்தை மார்ச் படத்தால் நிரப்புங்கள் என்பதே என் முதல் யோசனை. ஜூனில் ஏரிகள் சுருங்கி, வயல்கள் காய்ந்து, தரையே வேறாக இருக்கும். திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு வயல்களில் சம்பா, நவரை, சொர்ணவாரி என்று பட்டம் மாறுவதையும் நினைவில் வையுங்கள். இரண்டு மாத இடைவெளியில் ஒரே வயல் பச்சையிலிருந்து பழுப்புக்குப் போவது இயல்பு.

காற்றின் வேலை இரண்டு விதம். மங்கல் எல்லாப் பிக்சலுக்கும் ஒரு வெளிச்சத்தைக் கூட்டுகிறது. அதோடு தரையிலிருந்து வருவதைக் குறைக்கவும் செய்கிறது. காற்று மூலக்கூறுகளின் சிதறல் அலைநீளத்தின் நான்காம் அடுக்குக்குத் தலைகீழ் விகிதம் என்பதால் நீல பேண்டுக்கு அடி அதிகம். அதனால்தான் மங்கலான படம் நீலம் பூத்துத் தெரிகிறது. கூட்டல், பெருக்கல் இரண்டும் கலந்த பிழையை எல்லாப் பேண்டையும் ஒரே மாதிரி மாற்றும் பிரைட்னஸ் சறுக்கியால் திருத்த முடியாது. ஒவ்வொரு பேண்டுக்கும் தனித்தனியாக ஒரு பெருக்கல் எண், ஒரு கூட்டல் எண் வேண்டும்.

அதைக் கண்டுபிடிக்கும் வழி: மாறாத இடங்களை மட்டும் வைத்து ஒப்பிடுவது. இந்த வேலையின் உயிர்நாடி இதுதான், நேரத்தை இங்கே செலவழியுங்கள்.

மேகம் இல்லாத, பகுதியின் நடுவில் இருக்கிற, மற்றவற்றோடு அதிகம் மேற்படிகிற ஒரு படத்தை ஆதாரமாக வையுங்கள். மார்ச் படம் பொருத்தம். பிறகு 20 முதல் 30 சிறு பலகோணங்களை வரையுங்கள். ஒவ்வொன்றும் 50 மீட்டர் சதுரத்துக்குக் குறையாமல், விளிம்பில் வேறு பொருள் கலக்காமல் இருக்கட்டும். மீனம்பாக்கம் விமான நிலைய ஓடுதளம், தாம்பரம் விமானப்படைத் தள ஓடுதளம், பெரிய தொழிற்கூடங்களின் பழைய கான்கிரீட் கூரை, ரயில்வே யார்டுகளின் தளம் போன்றவை நல்லவை. துறைமுகத்தில் கன்டெய்னர் அடுக்கும் இடம் வேண்டாம். பெட்டிகள் நாளுக்கு நாள் மாறும். எண்ணூர்ப் பக்கத்துச் சாம்பல் குளங்கள் வேண்டாம்; ஈரமானால் ஒரு நிறம், காய்ந்தால் ஒரு நிறம். திரிசூலம் கல்குவாரிகள் வெளிச்சமாக இருக்கிறதே என்று தோன்றும். அடியில் தண்ணீர், மேலே செங்குத்துப் பாறை, நிழல் நாளுக்கொரு பக்கம். கடற்கரை மணலில் அலை தொடும் பகுதி வேண்டாம். ஏரி, சதுப்பு, வயல், பூங்கா எதுவும் வேண்டாம்.

எல்லாமே வெளிச்சமான கூரைகளாக இருந்துவிட்டால் கூட்டல் எண் தாறுமாறாக வரும். மூன்றில் ஒரு பங்காவது இருண்ட இடங்கள் வேண்டும். அகலமான தார்த்தளம், கறுத்த பழைய கூரை, கரையிலிருந்து வெகுதூரத்தில் சூரிய மின்னல் (நீரில் வெயில் பளிச்சிடுவது) இல்லாத ஆழ்கடல் ஆகியவை உதவும். கரையோரக் கடல் கலங்கல் என்பதால் ஆகாது.

க்யூஜிஐஎஸ்ஸில் ஸோனல் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் ஓட்டி ஒவ்வொரு பலகோணத்துக்கும், ஒவ்வொரு பேண்டுக்கும் சராசரியை எடுத்து எக்செல்லில் வையுங்கள். பெருக்கல் எண் என்பது ஆதாரப் படத்துச் சராசரிகளின் திட்ட விலக்கத்தைத் திருத்த வேண்டிய படத்தின் திட்ட விலக்கத்தால் வகுத்தது. கூட்டல் எண் என்பது ஆதாரத்தின் சராசரியிலிருந்து, பெருக்கல் எண்ணால் பெருக்கிய மற்றதின் சராசரியைக் கழித்தது. எடுத்துக்காட்டாக நீல பேண்டில் ஆதாரம் சராசரி 1450, விலக்கம் 310. மற்றது சராசரி 1620, விலக்கம் 280 என்று வைத்துக்கொள்வோம். பெருக்கல் எண் 1.107, கூட்டல் எண் மைனஸ் 344. மங்கல் படத்துக்குப் பொருத்தமான எண்கள் இவை: மாறுபாட்டைக் கூட்டி, மொத்த வெளிச்சத்தைக் குறைக்கிறது. எக்செல் தரும் சாதாரண ட்ரெண்ட்லைன் சரிவை எடுத்தால் பெருக்கல் எண் சற்றுக் குறைவாகவே வரும். இரு படங்களிலும் இரைச்சல் இருப்பதுதான் காரணம். அதனால்தான் விலக்க விகிதம்.

எண்கள் வந்ததும் ஒரு நிமிடம் யோசியுங்கள். பெருக்கல் எண் 0.8க்குக் கீழோ 1.25க்கு மேலோ போனால் தேர்ந்தெடுத்த இடங்களில் ஏதோ மாறியிருக்கிறது, அல்லது மேகத்தின் மெல்லிய விளிம்பு நுழைந்திருக்கிறது. மூன்று பேண்டிலும் கூட்டல் எண் 1000ஐ ஒட்டி வந்தால் பேஸ்லைன் கழித்தலை ஒரு படத்தில் மறந்திருக்கிறீர்கள். ஐந்தாறு பலகோணங்களைக் கணக்கில் சேர்க்காமல் ஒதுக்கி வைத்து, திருத்தியபின் அவற்றில் எவ்வளவு வேறுபாடு மிஞ்சுகிறது என்று பார்ப்பது நல்ல பழக்கம்.

மேகத்தை மறைக்க எல்2ஏயோடு வரும் எஸ்சிஎல் அடுக்கு போதும்: 3 நிழல், 8, 9 மேகம், 10 மெல்லிய உயர்மேகம். அது 20 மீட்டர் அளவில் இருக்கும் என்பதால் 10 மீட்டருக்கு மாற்றும்போது நியரஸ்ட் நெய்பர் மட்டுமே பயன்படுத்துங்கள். பைலீனியர் போட்டால் வகை எண்கள் சராசரியாகி இல்லாத வகை பிறக்கும். மேகத்தின் ஓரத்தில் இன்னும் பத்துப் பிக்சல் விரித்து வெட்டுங்கள். பளிச்சென்ற தகரக் கூரைகளை இந்த அடுக்கு மேகம் என்று தவறாகக் குறிப்பதுண்டு. உங்கள் வெளிச்சமான பலகோணங்கள் அதில் காணாமல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான்காவது, தரையே மாறியிருப்பது. இப்போது ஹிஸ்டோகிராம் மேட்சிங் ஏரியை ஏன் கெடுத்தது என்பதைச் சொல்லலாம். அந்த முறைக்கு இடம் தெரியாது, வரிசை மட்டுமே தெரியும். ஒரு படத்தின் மிக இருண்ட 10 சதவீதத்துக்கு மற்றதின் மிக இருண்ட 10 சதவீதத்தின் மதிப்பைக் கொடுக்கும். ஜனவரியில் ஏரிகள் நிரம்பி, படத்தில் 12 சதவீதம் நீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆதாரமாக எடுத்த ஜூன் படத்தில் நீர் 4 சதவீதம்தான். முதல் 4 சதவீதம் நீருக்கு நீரின் நிறம் கிடைக்கும். மிச்சம் 8 சதவீதம் நீருக்கு ஜூன் மாதத்து இருண்ட மண்ணின் நிறம் கிடைக்கும். செம்பரம்பாக்கம் செம்மண்ணானது இப்படித்தான். 2019 கோடை மாதிரி புழலும் செம்பரம்பாக்கமும் ஏறக்குறைய வற்றிய ஆண்டின் படத்தை ஆதாரமாக வைத்தால் நிலைமை இன்னும் மோசமாகும். அந்த முறையைப் பயன்படுத்தியே ஆக வேண்டுமென்றால் ஏரி, கடல், மேகம் மூன்றையும் மறைத்து, மேற்படியும் பகுதியில் மட்டும் ஹிஸ்டோகிராம் எடுங்கள்.

படங்கள் மூன்று நான்கு என்றால் ஒவ்வொன்றையும் நேராக ஆதாரத்தோடு ஒப்பிடலாம். பத்துக்கு மேல் போனால் ஒன்றோடு ஒன்று சங்கிலியாக ஒப்பிடக் கூடாது. சிறு பிழைகள் சேர்ந்து கடைசிப் படம் வேறெங்கோ போய் நிற்கும். எல்லா மேற்படிவுகளையும் ஒரே நேரத்தில் தீர்க்கும் கருவி வேண்டும். இலவசத்தில் ஆர்ஃபியோ டூல்பாக்ஸின் மொசைக் செயலி இதைச் செய்யும். அதில் ஹார்மனைசேஷன் முறையை பேண்ட் என்று வையுங்கள், ஃபெதரை (ஓரங்களை ஒன்றோடொன்று மெல்லக் கலப்பது) ஸ்லிம் என்று வையுங்கள், நோடேட்டா (தரவு இல்லாத பிக்சலைக் குறிக்கும்) மதிப்பைச் சரியாகக் கொடுங்கள். பெருக்கலை மட்டும் செய்யும் எந்தக் கருவியிலும் மங்கலின் கூட்டல் பகுதியை முன்கூட்டியே கழித்துவிட்டுத்தான் படத்தைக் கொடுக்க வேண்டும்.

ஆர்க்ஜிஐஎஸ் ப்ரோ கையில் இருந்தால் மொசைக் டேட்டாசெட்டில் கலர் பேலன்ஸ் கருவி மூன்று வழி தரும்: டாட்ஜிங், ஹிஸ்டோகிராம், ஸ்டாண்டர்டு டீவியேஷன். எல்லாப் படங்களுக்கும் முன்பே ஸ்டாட்டிஸ்டிக்ஸ் கட்டியிருக்க வேண்டும். டாட்ஜிங் ஒவ்வொரு பிக்சலையும் ஓர் இலக்கு நிறத்தை நோக்கி இழுக்கிறது. இலக்கு ஒரே நிறமாக இருக்கலாம், கலர் கிரிட்டாக இருக்கலாம், முதல், இரண்டாம், மூன்றாம் படிப் பரப்பாக இருக்கலாம். விமானத்திலிருந்து எடுத்த நூற்றுக்கணக்கான படங்களுக்கு இது அருமையான கருவி. கடலும் ஏரியும் பாதி இடத்தை அடைக்கும் சென்னைக்குக் கவனம் தேவை. நீரை இழுத்து வெளுக்கவைக்கும், அதைச் சுற்றிய தரையை இருட்டாக்கும், கரையோரம் ஒரு வளையம் தெரியும். ஜெனரேட் எக்ஸ்க்ளூட் ஏரியா கருவியில் நீரையும் மேகத்தையும் விலக்கு முகமூடியாகக் கொடுத்தபின் டாட்ஜிங் போடுங்கள். இலக்காக முதல் படிப் பரப்பு பெரும்பாலும் போதும். கலர் கிரிட் ஊரின் உண்மையான நிற வேறுபாட்டையும் தின்றுவிடும்: கிண்டிக் காடு வெளுத்து, தி.நகர் பச்சை பூக்கும். ஓவர்வியூக்களை (தூரக் காட்சிக்கான சிறு பிரதிகள்) இதற்குப் பிறகுதான் கட்ட வேண்டும். முன்பே கட்டியிருந்தால் தூரத்தில் பழைய நிறம், கிட்டத்தில் புதிய நிறம் என்று குழப்பும்.

கடலைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. சென்டினல்-2 கருவியில் 12 டிடெக்டர்கள் ஒற்றை, இரட்டை என்று சற்றே வெவ்வேறு கோணத்தில் பார்க்கும்படி அடுக்கப்பட்டிருக்கின்றன. தரையில் அது தெரியாது. சூரிய மின்னல் விழும் நீரில் வடக்குத் தெற்காக அகலப் பட்டைகளாகத் தெரியும். தேதி மாறினால் மின்னலும் அலையும் மாறும். கடலைச் சமன் செய்யும் முயற்சியில் ஒரு வாரம் போகும், பலன் வராது. பின்னணி வரைபடம்தானே, கரைக்கோட்டை வெக்டராக எடுத்து, கரையிலிருந்து ஒன்றிரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் ஒரே படத்தின் கடலை மட்டும் வையுங்கள், அல்லது ஒரே நிறத்தை நிரப்பிவிடுங்கள். பழவேற்காடு ஏரியைத் தரையோடு சேர்த்து ஒரே தேதியில் வைப்பது நல்லது. இரண்டு தேதி நடுவில் வெட்டினால் உப்பங்கழியில் இல்லாத கரை ஒன்று முளைக்கும்.

நிறம் ஒத்து வந்தபின் வெட்டும் கோடு. நேர்கோடாக விடாதீர்கள். சாலை, ரயில் பாதை, ஆற்றங்கரை, வயல் வரப்பு என்று இயற்கையாகவே நிறம் மாறும் இடத்தில் கோடு ஓடினால் கண் கவனிக்காது. கூவம், அடையாறு கரைகளும் ஜிஎஸ்டி சாலையும் இதற்கு வசதி. ஏரியை வெட்ட வேண்டாம். ஏரி முழுவதும் ஒரே படத்திலிருந்து வரட்டும். ஃபெதர் அகலம் 10 மீட்டர் படத்துக்கு 20 முதல் 50 பிக்சல் வரை போதும். படங்கள் ஒரு பிக்சல் விலகியிருந்தால் ஃபெதர் அகலத்தைக் கூட்டக் கூட்டச் சாலைகள் இரட்டையாகத் தெரியும். அங்கே தேவை இடத்திருத்தம். எல்லாமே இபிஎஸ்ஜி 32644, அதாவது 44 வடக்கு யுடிஎம் மண்டலத்தில் ஒரே கிரிட்டில் இருப்பதை முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள்.

தையல் தெரிகிறதா என்று சோதிக்க ஒரு குறுக்கு வழி: மின், மேக்ஸ் இடைவெளியை வேண்டுமென்றே ஒடுக்கி, 300 முதல் 900 என்று வைத்துப் பாருங்கள். சாதாரணத்தில் ஒளிந்திருக்கும் கோடு பளிச்சென்று வெளியே வரும். அதில் லேசாக மட்டும் தெரிந்தால் போதும். அங்கேயும் முற்றிலும் மறைய வேண்டும் என்று துரத்துவது வீண்.

8 பிட்டுக்கு மாற்றுவது கடைசியில், ஒரே ஒருமுறை. ஜிடால் டிரான்ஸ்லேட் கட்டளையில் 0 முதல் 3000 வரையுள்ள மதிப்பை 1 முதல் 255 ஆக ஸ்கேல் செய்து, எக்ஸ்பொனென்ட் 0.7 கொடுங்கள். 800 மதிப்புள்ள சாலைப் பிக்சல் நேர்கோட்டு மாற்றத்தில் 69க்கு வரும், 0.7 அடுக்கில் 102க்கு. இருண்ட பகுதியில் விவரம் திறக்கும், 3000க்குள் இருக்கும் கூரைகள் வெட்டுப்படாது. 0 என்பதை நோடேட்டாவுக்காக விட்டுவையுங்கள். கழித்தலின்போது 0 அல்லது மைனஸுக்குப் போன நிழல் பிக்சல்களை ராஸ்டர் கால்குலேட்டரில் முன்கூட்டியே 1க்கு உயர்த்தாவிட்டால், இறுதிப் படத்தில் நீரிலும் நிழலிலும் ஊசித்துளைகள் விழுந்து அடியிலுள்ள லேயர் எட்டிப்பார்க்கும். ஜேபெக் சுருக்கம் போட்டால் நோடேட்டா ஓரம் 0 ஆக நிற்காமல் 1, 2, 3 என்று சிதறிக் கறுப்பு விளிம்பு தரும். அங்கே நோடேட்டா எண்ணை நம்பாமல் தனி மாஸ்க் வையுங்கள், அல்லது டிஃப்ளேட் போதும்.

இந்தியச் செயற்கைக்கோளின் லிஸ்-4 படத்தையும் இதோடு சேர்க்கலாமா என்றால், சேர்க்காமல் இருப்பதே என் கருத்து. ரிசோர்ஸ்சாட்-2இன் லிஸ்-4 5.8 மீட்டர் நுணுக்கம் தரும், ஆனால் அதில் பச்சை, சிவப்பு, அண்மை அகச்சிவப்பு மூன்றுதான், நீலம் இல்லை. சிவப்புக்குச் சிவப்பு, பச்சைக்குப் பச்சையில் முக்கால் பங்கும் அகச்சிவப்பில் கால் பங்கும், நீலத்துக்குப் பச்சை என்று கலந்து இயற்கை நிறம் போல ஒன்றைச் செய்யலாம். தனியாகப் பார்க்க அழகாக இருக்கும். சென்டினலின் உண்மையான நீலத்துக்குப் பக்கத்தில் வைத்தால் மண்ணும் தகரமும் எந்த எண்ணைப் போட்டாலும் ஒத்து வராது.

இனி ட்ரோன். பள்ளிக்கரணைப் படத்தில் வரிசையாக வரும் வெளிச்சத் திட்டு ஹாட்ஸ்பாட். சூரியன் கேமராவுக்கு நேர் பின்னால் இருக்கும் திசையில் தரையின் நிழல்கள் எல்லாம் பொருட்களுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வதால், அந்த இடம் மட்டும் பளிச்சென்று இருக்கும். கோரையும் நாணலும் நிறைந்த இடத்தில் இன்னும் அதிகம். சென்னை 13 பாகை வடக்கு. ஏப்ரல் கடைசி வாரத்தை ஒட்டியும் ஆகஸ்ட் 18ஐ ஒட்டியும் நடுப்பகலில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். அந்த நாட்களில் பகல் 12 மணி 10 நிமிடத்தை ஒட்டிப் பறந்தால் ஒவ்வொரு படத்தின் நட்ட நடுவிலும் ஹாட்ஸ்பாட். ஆர்த்தோமொசைக் செய்யும் மென்பொருள் படத்தின் நடுப்பகுதியைத்தான் விரும்பி எடுக்கும் என்பதால் திட்டு அப்படியே வந்து உட்காரும்.

மூலைக்கு மூலை 84 பாகை பார்க்கும் கேமரா என்றால் பாதி 42. சூரியன் உச்சியிலிருந்து 42 பாகைக்கு மேல் சாய்ந்திருந்தால், அதாவது அடிவானத்திலிருந்து 48 பாகைக்குக் கீழே இருந்தால், ஹாட்ஸ்பாட் படத்துக்கு வெளியே போய்விடும். ஏப்ரலில் இது காலை ஒன்பதேகால் வரை. ஜனவரியில் பத்தரை மணிவரை கவலையில்லை. ரொம்ப முன்னால் பறந்தால் நீள நிழல் வரும், அது வேறு தலைவலி. கட்டடம் இல்லாத சதுப்புக்கு அது பெரிய விஷயமில்லை. வொயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாமல் பூட்டுங்கள், ஐஎஸ்ஓ 100இல், ஷட்டரையும் கையால் வையுங்கள். ஆட்டோவில் விட்டால் தண்ணீருக்கு மேல் ஒரு நிறம், கோரைக்கு மேல் ஒரு நிறம் என்று ஒவ்வொரு வரியிலும் மாறும். முன்பின் மேற்படிவு 80, பக்கவாட்டில் 70 சதவீதம். பறப்பதற்கு முன் அரசின் டிஜிட்டல் ஸ்கை ட்ரோன் வரைபடத்தில் அந்த இடம் எந்த நிற மண்டலத்தில் வருகிறது என்று பாருங்கள். மீனம்பாக்கமும் தாம்பரமும் பக்கத்தில் இருப்பதால் சதுப்பின் எல்லாப் பக்கமும் ஒரே விதியில் வராது.

ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது, மறுபடி பறக்க முடியாது என்றால், மெட்டாஷேப்பில் (ட்ரோன் படங்களை ஒட்டும் மென்பொருள்) ஆர்த்தோமொசைக் கட்டும் முன் காலிப்ரேட் கலர்ஸ் ஓட்டுங்கள். வொயிட் பேலன்ஸ் ஆட்டோவில் மாறியிருந்தால் மட்டும் அதிலுள்ள வொயிட் பேலன்ஸ் பெட்டியை டிக் செய்யுங்கள். பூட்டி எடுத்த படங்களுக்கு டிக் செய்தால் இல்லாத சாயம் ஏறும். அதே வேலைக்கான வெப்ஓடிஎம் மென்பொருள் தானாகவே உலகளாவிய தையல் சமன் செய்கிறது. அது நிறத்தைக் கெடுப்பதாகத் தெரிந்தால் ஸ்கிப் குளோபல் சீம் லெவலிங் தேர்வை இயக்கி இரண்டையும் ஒப்பிடுங்கள். இவை படத்துக்குப் படம் உள்ள வேறுபாட்டைத்தான் தீர்க்கும். ஒரே படத்துக்குள் இருக்கும் ஹாட்ஸ்பாட்டைத் தீர்க்காது. அதற்கு மெட்டாஷேப்பின் தையல் திருத்தத்தில் திட்டு விழுந்த இடத்தைச் சுற்றிப் பலகோணம் வரைந்து, அந்த இடம் ஓரத்தில் வரும் பக்கத்துப் படத்தை ஒதுக்கி, அப்டேட் செய்ய வேண்டும். 80 சதவீத மேற்படிவு இருந்தால் ஒவ்வொரு திட்டுக்கும் மாற்றுப் படம் கிடைக்கும். 60 சதவீதத்தில் எடுத்திருந்தால் சில இடங்களில் கிடைக்காது.